‘பாத்தி’ ‘பாதி’ ஆன பதிவு: யாழ்ப்பாணத்து வீடொன்றில் எடுத்த பொட்காஸ்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வலிகாமத்தில் ஒரு கிராமம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பனங்கொட்டையைப் பாத்தியில் போடுவது முதல் கிழங்கு கிண்டி ஒடியலும் (பச்சையாக உலர்த்திய கிழங்கு) புழுக்கொடியலும் (அவித்து உலர்த்தியது) காயவிடுவது வரை, தன் கைப்பழக்கத்தில் இருந்ததை எல்லாம் சொல்ல ஒப்புக்கொண்டார். கேட்டுப் பதிவு செய்ய வந்தவர்கள் இருவர். பேட்டி எடுத்தவர் ஒரு பல்கலைக்கழக மாணவி. தொகுப்பு வேலைக்கு அவருடைய சித்தி மகன். டொரொன்டோவில் இருக்கும் அம்மாவின் மகள் வாட்ஸ்அப் அழைப்பில் சேர்ந்துகொள்வதென்றும் ஏற்பாடு. பெயர்கள் வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. அம்மாவின் சம்மதம் பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய குரலில் இருக்கிறது.

கையில் இருந்தவை: விண்டோஸ் மடிக்கணினி ஒன்று, யூஎஸ்பி கொண்டென்சர் மைக் ஒன்று, இரண்டு போன், ஓடாசிட்டி. ஓடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு, தொகுப்பு மென்பொருள். இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. இந்த நிகழ்வில் நடந்த பிழைகளில் ஒன்றுகூட மென்பொருள் இலவசமாக இருந்ததால் வந்ததில்லை.

முதல் பதிவு

நேரத்தை முடிவு செய்தது டொரொன்டோதான். குளிர்காலத்தில் அந்த ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். மகள் வேலைக்குப் புறப்படும் முன் காலை 8 மணிக்குக் கதைக்க வேண்டும் என்றால் இங்கே மாலை 6.30. கோயில் மணி, கூட்டுக்குத் திரும்பும் காகங்கள், நுளம்புக்காகப் போட்ட ஃபான் எல்லாம் ஒன்றாகக் கூடும் நேரம் அது.

இடம் வீட்டு நடுமண்டபம். சீமெந்து நிலம், உயரமான ஓட்டுக்கூரை, நான்கு பக்கமும் வெறுஞ்சுவர். அடுத்த அறை குசினி, அங்கே ஃபிரிட்ஜ். மைக்கை மேசையில் வைத்து, அம்மாவைச் சாய்மனைக் கதிரையில் இருத்தினார்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். அந்த மைக் பக்கவாட்டில் கேட்கும் வகை. அதன் முகப்புப் பக்கம்தான் பேசுபவரைப் பார்க்க வேண்டும். மேடைப் பேச்சு மைக்கைப் போல உச்சியை அம்மா பக்கம் சாய்த்து வைத்தார்கள். இந்தப் பிழையைச் செய்யாதவர்கள் குறைவு.

குரல் மெலிதாக வந்ததால் தொகுப்பாளர் பதிவு அளவை 100க்கு ஏற்றினார். கதைக்கும்போது சரியாக இருந்தது, அம்மா சிரித்த இடங்களில் அலைவடிவம் மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்பட்டது. ஓடாசிட்டி 32 பிட் ஃப்ளோட்டில் (எல்லை மீறிய ஒலி அளவையும் வெட்டாமல் வைத்திருக்கும் எண் வடிவம்) பதிவதால் வெட்டுப்பட்டதைப் பின்னர் இறக்கி மீட்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். மென்பொருளுக்குள் நடக்கும் கணக்குக்கு அது பொருந்தும். மைக்குக்குள் ஒலியை எண்களாக்கும் மாற்றி அதற்கு முன்னரே நிரம்பி வழிந்துவிட்டால், வந்து சேர்வது ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலை. அதை மீட்க எந்த வடிவத்தாலும் முடியாது.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. மாணவி, காவலுக்கு இருக்கட்டும் என்று, தொகுப்பாளரின் போனில் குரல்பதிவைத் தொடக்கி அம்மாவின் கதிரைக் கைப்பிடியில் ஒரு துவாயை மடித்து அதன்மேல் வைத்தார். வாயிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரம். அந்தப் போனுக்கு 37ஆவது நிமிடத்தில் ஓர் அழைப்பு வந்தது, குரல்பதிவு அத்துடன் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மொத்தப் பதிவு 46 நிமிடம்.

முதல் தொகுப்பும் அதில் கேட்டதும்

தொகுப்பாளர் மூன்று இரவு வேலை செய்தார். செய்த வரிசை இது. தொடக்கத்தில் கிடைத்த 10 செக்கன் அமைதியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரைச்சல் மாதிரி எடுத்து முழுப் பதிவுக்கும் போட்டார். இரைச்சல் போகவில்லை என்று அளவை 24 டெசிபெல் வரை ஏற்றினார். பிறகு நாய்ஸ் கேட், குறித்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அடைத்துவிடுவது. பிறகு ட்ரன்கேட் சைலன்ஸ், 0.1 செக்கனுக்கு மேற்பட்ட அமைதியை எல்லாம் 0.05 செக்கனாகச் சுருக்கும்படி. கடைசியாக, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கொம்பிரஸர். 46 நிமிடம் 31 ஆனது. வேகமாக ஓடியது, அதனால் திருத்தமாக இருப்பதுபோலவும் தோன்றியது.

கேட்டவர்களில் முதல் ஆள் அம்மாவின் பேரன். “அம்மம்மா ஏன் கிணத்துக்குள்ளை இருந்து கதைக்கிறா?” என்றான். அடுத்தது பக்கத்து வீட்டு ஆசிரியை: “பாதி போட்டது எண்டு சொல்லுறா, மிச்சப் பாதி எங்கை?”

அம்மா சொன்னது ‘பாத்தி போட்டு’. பதிவில் கேட்டது கிட்டத்தட்ட ‘பாதி போட்’.

காரணத்தைத் தேடியபோது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் விடயம் தெளிந்தது. ‘பாத்தி’யில் ‘த்த்’ ஒலிக்கும்போது நாக்கு பல்லோடு அடைத்து நிற்கும், அந்த நேரம் ஒலியே இல்லை. போன் பதிவில் அளந்தபோது இந்த அம்மாவின் பேச்சில் அந்த அடைப்பு 0.14 முதல் 0.18 செக்கன் வரை இருந்தது. அமைதி என்று கணித்து அதை 0.05க்குச் சுருக்கினால் வல்லின இரட்டிப்பே இல்லாமல் போகிறது. பாத்தி பாதியாகும், பட்டு படுவாகும், அக்கம் அகமாகும். ஆங்கிலப் பேச்சுக்காக எழுதிய வழிகாட்டிகளில் பார்த்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே போட்டதால் வந்த வினை. தமிழில் ஒற்றும் இரட்டிப்பும் பொருளை மாற்றுபவை, அந்த வித்தியாசத்தைக் காதுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிறு அமைதிதான்.

நாய்ஸ் கேட் செய்த கேடு வேறு வகை. சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம் அரை மாத்திரைதான் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒலி அளவிலும் அது மெலிந்தது. கேட் அதை இரைச்சல் என்று எண்ணிக் கதவை மூடிவிடுகிறது. ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லும்போது தமிழில் வினையெச்சங்கள் வரிசையாக வரும்: எடுத்து, பிளந்து, கோத்து, காயவிட்டு. அத்தனையும் உகரத்தில் முடிபவை. அம்மா சொன்ன செய்முறையில் ஒவ்வொரு படியும் வால் அறுந்து நின்றது.

கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோன்ற குரலுக்கு இரண்டு காரணம். ஒன்று, மண்டபத்தின் எதிரொலி. இதை நாய்ஸ் ரிடக்‌ஷனால் எடுக்க முடியாது, ஏனென்றால் எதிரொலியும் பேச்சுத்தான். மற்றது ஃபிரிட்ஜ். இரைச்சல் மாதிரி எடுத்த அந்த 10 செக்கனில் ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடவில்லை. 6ஆவது நிமிடத்தில் ஓடத் தொடங்கி 20ஆவது நிமிடம் வரை ஓடியது. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் இப்படியான மோட்டாரின் உறுமல் 100 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிற்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று வரைந்து காட்டும் பிளொட் ஸ்பெக்ட்ரமில் பார்த்தபோது 100இல் ஒரு கூம்பு தனியாக எழுந்து நின்றது. மாதிரியில் இல்லாத இரைச்சலை மென்பொருள் எப்படி அறியும்? அது போகவில்லை என்று அளவை ஏற்ற ஏற்ற, போனது குரலின் மேல்பகுதி. மிஞ்சியது நீர்க்குமிழிபோல மினுங்கும் ஓசை.

எடுத்த முடிவுகள்

மூலத்துக்குத் திரும்புவோம் என்றால் மூலம் இல்லை. பதிந்த திட்டக் கோப்பிலேயே எஃபெக்ட்களைப் போட்டுச் சேமித்து மூடியிருந்தார்கள். ஓடாசிட்டியில் திட்டத்தை மூடியதும் அன்டூ வரலாறு அழிந்துவிடும். பதிவு முடிந்த கையோடு வேவ் என்ற சுருக்காத ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்து வேறொரு இடத்தில் வைத்திருந்தால் இந்தப் பிரிவே தேவைப்பட்டிராது.

முழுவதையும் திரும்பப் பதிவு செய்யலாம் என்பது தொகுப்பாளரின் எண்ணம். மாணவி மறுத்தார். ஒரே கதையை இரண்டாம் முறை அதே ஆளுக்குச் சொல்லும்போது “அதுதானே அண்டைக்குச் சொன்னனான்” என்று சுருங்கிவிடும் என்பது அவருடைய காரணம். அது சரியான தீர்ப்பு. முதல் முறை சொன்னதில் இருந்த தயக்கமும் சிரிப்பும் திரும்பி வராது.

ஆகவே போன் பதிவை முதன்மையாக எடுத்து, அதில் இல்லாத கடைசி 9 நிமிடத்தின் விடயத்தை மட்டும் திரும்பப் போய்க் கேட்பது என்று முடிவானது. போன் மைக் சின்னதுதான். ஆனால் தூரத்தின் கணக்கு அதன் பக்கம். தூரம் பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் இரைச்சலும் எதிரொலியும் அப்படியே நிற்கும். 90 சென்டிமீட்டரிலிருந்து 25க்கு வந்தது ஏறக்குறைய 11 டெசிபெல் லாபம். அத்தனை விலை கொடுத்து வாங்கிய மைக்கை எட்ட வைத்ததற்கு, போனைக் கிட்ட வைத்தது மேல்.

இரண்டாம் பதிவு

இரண்டு நாள் கழித்து, காலை 9.30. பாண்காரரின் ஓட்டோ பாட்டோடு போய்விட்டது, மீன்காரரின் கூவலும் முடிந்துவிட்டது. பக்கத்து வளவில் கிணற்று மோட்டார் எப்போது போடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள்.

மண்டபத்தை விட்டுச் சிறிய படுக்கையறைக்கு மாறினார்கள். அலுமாரியைத் திறந்து சீலைகள் தெரியும்படி விட்டு, நிலத்தில் பாயும் அதன்மேல் போர்வையும் விரித்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் மெத்தையைச் சாய்த்தார்கள். மெத்தையை மைக்குக்குப் பின்னால் வைப்பது பலரின் வழக்கம். ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக் பார்த்துக்கொண்டிருப்பது பேசுபவரின் பின்சுவரை. மறைக்க வேண்டியதும் அதைத்தான்.

மைக்கின் முகப்பு அம்மாவின் பக்கம், வாயிலிருந்து 20 சென்டிமீட்டர், நேர் எதிரே இல்லாமல் சற்று ஒரு பக்கம் தள்ளி. அப்படி வைத்தால் ‘ப’வுக்கு வரும் காற்று மைக்கில் மோதாது. மேசைத் தட்டல் ஏறாதபடி அடியில் மடித்த துவாய். மடிக்கணினி நிலத்தில், சார்ஜரைக் கழற்றி பற்றரியில். விண்டோஸ் ஒலி அமைப்பில் குரலைத் தானாகத் திருத்தும் வசதிகள் நிறுத்தப்பட்டன. ஓடாசிட்டியைத் திறந்த பிறகு செருகிய மைக் பட்டியலில் வராது. ட்ரான்ஸ்போர்ட் பட்டியலில் ரீஸ்கேன் ஓடியோ டிவைசஸ் கொடுத்ததும் வந்தது. ஒற்றைத் தடம், மோனோ. அம்மாவைச் சிரிக்க வைத்துப் பார்த்து, அந்த உச்சம் −6 டெசிபெலைத் தாண்டாமல் அளவை வைத்தார்கள் (0 தான் வெட்டுப்படும் எல்லை). சாதாரணப் பேச்சு −12 பக்கம் நின்றது.

ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி, தொகுப்பாளர் தன் மோட்டார் சைக்கிள் திறப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். திறப்பு இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, ஆகவே பிளக்கைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது. பழைய உத்திதான், வேலை செய்யும். இரண்டு போனும் விமானப் பயன்முறையில் காவல் பதிவுக்கு. எல்லாரும் 30 செக்கன் பேசாமல் இருந்து அறையின் அமைதியைப் பதிந்த பிறகுதான் முதல் கேள்வி.

ஃபான் மட்டும் பிரச்சினையாகவே இருந்தது. நிறுத்தினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அம்மாவால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. இடையில் நிறுத்தி, ஃபானைப் போட்டு, தேத்தண்ணி குடித்து, திரும்பத் தொடங்கினார்கள்.

தொகுப்பு, இரண்டாம் முறை

முதலில் எதையும் வெட்டாமல் முழுவதையும் கேட்டு, கேட்கும்போதே கண்ட்ரோல் + எம் அழுத்தி அடையாளம் வைத்தார்கள்: ‘வெட்டு’, ‘வைத்திரு’, ‘திரும்பக் கேள்’. விண்டோஸில் போனின் எம்4ஏ கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணைத்தொகுதியைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

ஃபிரிட்ஜ் ஓடிய பகுதியையும் ஓடாத பகுதியையும் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் இரைச்சல் மாதிரியை எடுத்தார்கள். அளவு 6 டெசிபெல், ஃபிரிட்ஜ் பகுதிக்கு மட்டும் 9. அதற்கு முன், 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஹைபாஸ், 100ஐ மட்டும் குறிவைத்து எடுக்கும் நொட்ச். 200இல் இருந்த மடங்கைத் தொடவில்லை, அம்மாவின் குரலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் பெட்டியில் ரெசிடியூ என்று ஒரு தெரிவு உண்டு. எடுக்கப்போகும் ஒலியை மட்டும் அது கேட்கவிடும். அதில் இரைச்சல் மட்டும் கேட்டால் சரி. சொல் ஒன்றாவது விளங்கினால் பேச்சையும் சேர்த்து எடுக்கிறது என்று பொருள். எண்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு சோதனை பயன் தரும்.

போன் தானாக அளவை ஏற்றி இறக்குவதால், அம்மா நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஃபான் சத்தம் மெல்லப் பொங்கியது. அதை அழிக்க முயலவில்லை. மண்டபத்தின் அமைதியில் கிடைத்த நல்ல துண்டு ஒன்றைத் தனித் தடத்தில் திரும்பத் திரும்ப வைத்து, முழுப் பகுதிக்கும் அடியில் மெலிதாக ஓடவிட்டார்கள். காது ஒரே சீரான இரைச்சலை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது.

மகளின் குரலுக்கு அதிக நேரம் போனது. அவர் தன் போனில் தனியாகப் பதிந்து அனுப்பியிருந்தார். அழைப்பில் வந்த குரலைவிட அது பல மடங்கு தெளிவு. ஆனால் அதைத் தொடக்கத்தில் ஒட்டிவிட்டு அப்படியே ஓடவிட முடியாது. இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடாது, போதாததற்கு அழைப்பின் தாமதமும் நேரத்துக்கு நேரம் மாறும். அம்மா காதுக்குள் எதையும் வைக்க மறுத்ததால் அழைப்பு ஸ்பீக்கரில் போயிருந்தது, மகளின் குரல் அம்மாவின் தடத்திலும் கசிந்திருந்தது. அந்தக் கசிவே கைகொடுத்தது. மகளின் ஒவ்வொரு பேச்சையும் தனித் துண்டாக்கி, கசிவு தொடங்கும் இடத்துக்கு நேராக நகர்த்தினார்கள். பிறகு கசிவு உள்ள இடத்தை கண்ட்ரோல் + எல்லால் மௌனமாக்கினார்கள். அம்மாவும் மகளும் ஒன்றாகச் சிரிக்கும் இரண்டு இடத்தில் மௌனமாக்க வழி இல்லை. அங்கே லேசான இரட்டைக் குரல் இன்னும் இருக்கிறது.

ட்ரன்கேட் சைலன்ஸ் பயன்படுத்தவே இல்லை. நீண்ட இடைவெளிகளைக் கையால் வெட்டினார்கள், 0.6 செக்கனுக்குக் குறைந்ததைத் தொடவில்லை. வெட்டும் இடம் மூச்சு எடுப்பதற்குச் சற்று முன். மூச்சை வெட்டினால் அடுத்த சொல் வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும். “எண்டால்”, “பாருங்கோ” போன்றவற்றையும் விட்டுவைத்தார்கள்.

இரண்டாம் நாள் பதிவின் குரல் கிட்டத்தில் கனமாகவும் முதல் நாளுடையது மெலிதாகவும் இருந்தது. அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் கேர்வில் 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை 4 டெசிபெல் குறைத்தும் இரண்டும் ஒன்றாகவில்லை. மறைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, “மற்ற முறை ஒரு காலமை போய்க் கேட்டம்” என்று மாணவியின் குரலில் ஒரு வரி சேர்த்தார்கள்.

முடிவில், காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை ஒரு அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நோமலைசேஷன் −16 எல்யூஎஃப்எஸ் (அந்த உரப்பின் அலகு). அப்பிள் பொட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவு அது. மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் சரியடையாளம் இருக்கும்போதுதான் இந்த எண் பொருந்தும், இல்லாவிட்டால் −19 போட வேண்டும். அதன்பின், உச்சங்கள் மேலே போகாமல் தடுக்கும் லிமிட்டர் −1 டெசிபெலில். எம்பி3, மோனோ, 64 கிலோபிட்.

விளைவு

33 நிமிடப் பகுதி 16 மெகாபைட்டுக்குள் அடங்கியது. 128 கிலோபிட்டில் கொடுத்திருந்தால் இரண்டு மடங்கு. டேட்டா அட்டை போட்டுக் கேட்பவர்களுக்கு அது பொருட்டு. இரண்டாம் தொகுப்புக்கு மட்டும் 14 மணித்தியாலம் போனது. பேரன் இந்த முறை கிணற்றைப் பற்றிப் பேசவில்லை, பின்னால் ஃபான் சுற்றுகிறது என்றான். அது உண்மைதான், சுற்றுகிறது. ஆசிரியைக்கு ‘பாத்தி’ ‘பாத்தி’யாகவே கேட்டது. அம்மா தன் குரலைக் கேட்டுவிட்டு, புழுக்கொடியலுக்கு அவிக்கும் நேரத்தைப் பற்றிச் சொன்னதைத் திருத்த வேண்டும் என்றார். அந்தத் திருத்தம் தனியாகப் பதியப்பட்டு அந்த இடத்திலேயே சேர்க்கப்பட்டது. ஒலியைவிட அது முக்கியமான திருத்தம்.

அடுத்த பகுதிக்கு மாறுபவை

பதிவு முடிந்து யாரும் கதிரையை விட்டு எழும்ப முன்னரே வேவ் ஏற்றுமதி, ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று பென்ட்ரைவில். ஆனால் திட்டக் கோப்பைப் பென்ட்ரைவில் வைத்து வேலை செய்வதில்லை. 46 நிமிட மோனோ 32 பிட்டில் ஏறக்குறைய 490 மெகாபைட். ஒவ்வொரு எஃபெக்ட்டும் மூடும்வரை இன்னொரு பிரதியைக் கோப்புக்குள் சேர்க்கும். எட்டு எஃபெக்ட்டில் 4 ஜிகாபைட்டைத் தாண்டும், ஃபாட்32 வடிவப் பென்ட்ரைவ் அதற்கு மேல் ஒரு கோப்பைத் தாங்காது.

வெளிநாட்டு ஆள் சேரும் பகுதிகளை இரண்டு அமர்வாகப் பிரிக்கிறார்கள்: செய்முறை காலையில் தனியாக, குடும்பக் கதை மாலையில் அழைப்பில். அம்மாவுக்கு ஒரு காதில் மட்டும் போடும் இயர்போன் வாங்கியிருக்கிறார்கள். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பினாட்டுப் (பனம்பழக் களியை உலர்த்திச் செய்வது) பற்றிய அடுத்த பகுதி ஆவணியில், பழம் விழும் காலத்து வெக்கையில். ஃபான் இல்லாமல் ஒரு தடவைக்கு எட்டு நிமிடம் என்று கணக்குப் போட்டுக் கேள்விகளை எழுதுகிறார்கள்.